லெமன் அக்காவின் வேலி

சவுரியம்மாளுக்கு வேண்டியதெல்லாம் இரண்டு வெயில். குத்தகை நிலத்தில் எடுத்த விதை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஓமந்தூர் சாலையோரம் காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் போகாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அடுத்த போகத்துக்கு விதைக்க ஒன்றும் மிஞ்சாது. ஆனால் திண்டிவனம் போகிற வண்டிகளுக்கு மல்லாட்டையின் மேல் அப்படியொரு பாசம். அத்தனை அகல ரோட்டை விட்டுவிட்டு அதன்மேல்தான் ஏறின. கல் வைத்துப் பார்த்தாள். கல்லை எடுத்துப் போட்டுவிட்டு ஏறினார்கள்.

பிறகுதான் எலுமிச்சம்பழங்களைப் பாதியாக அறுத்து, குங்குமம் தடவி, மல்லாட்டையைச் சுற்றி வைத்தாள்.

"மாதா கோயிலுக்குப் போறவ பண்ற வேலையா இது?" என்றான் கணவன் பெரியசாமி.

"மாதாவுக்கு என் கஷ்டம் தெரியும். லாரிக்காரனுக்குத்தான் தெரியல."

அன்றைக்கு ஒரு மல்லாட்டைகூட நசுங்கவில்லை. போலீசுக்கே பயப்படாத வீரர்களெல்லாம் பாதிப் பழத்துக்குப் பயந்து ரோட்டின் மறுஓரத்துக்கு ஒதுங்கினார்கள். மணல் லாரி ஒன்று பள்ளத்திலேயே இறங்கிப் போயிற்று.

கெட்ட நேரம், சாயங்காலம் தென்னரசு வந்து சேர்ந்தான். செல்போனில் 'மண்ணின் மேதைகள்' என்று ஒரு பக்கம் நடத்துகிறவன். தன்னைச் 'சமூகச் சிற்பி' என்று அழைத்துக்கொள்வான், வேறு யாரும் அழைக்காததால். விவரம் கேட்டான், படமெடுத்தான், 'பாமரத் தாயின் உளவியல் வேலி' என்று போட்டுவிட்டான். விடிவதற்குள் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

மூன்று லட்சம் பேருக்கும் ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது: அந்தப் பழத்தில் செய்வினை கிடையாது. காலை முதல் பஸ்ஸே பழத்தின் மேல் ஏறி, மல்லாட்டையின் மேல் ஏறிப் போனது. பின்னாலேயே விழுப்புரத்திலிருந்து நாலு பைக். மல்லாட்டையின் மேலேயே நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

"யக்கா, நீங்கதான அந்த லெமன் அக்கா?"

"மொதல்ல கீழ எறங்குப்பா. விதை அது."

"செம ஐடியாக்கா" என்றபடி இன்னொரு பிடி அள்ளிக்கொண்டான்.

பத்து மணிக்குத் தென்னரசு காரில் வந்து இறங்கினான். பேட்டி வேண்டுமாம்.

"யக்கா, ஒலகமே ஒங்களப் பாக்குது."

"பாக்கட்டும். ஏறாம பாக்கச் சொல்லு."

இன்னும் நன்றாகத் திட்ட வாயெடுத்தாள். அதற்குள் திண்டிவனம் பக்கமிருந்து வந்த டெம்போ ஒன்று, அவன் காரையும் கேமரா ஸ்டாண்டையும் பார்த்து வேகம் குறைத்து, மல்லாட்டையை விட்டு விலகிப் போனது. சவுரியம்மாள் திட்டை விழுங்கிவிட்டாள்.

"பேசறேன் தம்பி. காரு மல்லாட்டைக்கு அந்தக் கோடியிலயே நிக்கட்டும். நீ இந்தக் கோடியில நில்லு. இங்கதான் வெளிச்சம் நல்லா கீது."

"இந்தச் சிந்தனை தங்களுக்குள் எவ்வாறு முளைத்தது?" என்று தென்னரசு தொடங்கினான்.

"புரியல. இன்னொரு வாட்டி கேளு."

பதினோரு மணிக்கு இருமினாள். பன்னிரண்டுக்குப் புடவை மாற்றப் போனாள். ஒரு மணிக்குப் பதில் அருமையாக வந்தது. கடைசி வார்த்தையில் சிரித்துத் தொலைத்தாள். நடந்துகொண்டே பேசினால்தான் பேச்சு வருகிறது என்று மல்லாட்டையைக் காலால் துழாவிக்கொண்டே பேசினாள். மேலே காய்ந்தது கீழே போயிற்று, கீழே ஈரமாக இருந்தது மேலே வந்தது. வருகிற வண்டியெல்லாம் ஷூட்டிங் பார்த்துக்கொண்டு ஒதுங்கி ஊர்ந்தது. மூன்று மணிக்குச் சமூகச் சிற்பியின் மூக்கு குங்கும நிறத்துக்கு வந்திருந்தது.

நாலரைக்கு ஒரு மல்லாட்டையைக் காதருகில் ஆட்டிப் பார்த்தாள். கலகலத்தது. பெரியசாமி சாக்கோடு வந்தான். அதற்கப்புறம் பேட்டி ஒரே டேக்கில் முடிந்தது.

"அடுத்து ஏதாவது புது ஐடியா வெச்சிருக்கீங்களாக்கா?" என்றான் தென்னரசு, வறண்ட தொண்டையோடு.

"கீதுப்பா." சாக்கின் வாயை இழுத்துக் கட்டினாள். "காலையிலேர்ந்து அதத்தான் பண்ணிக்கினு இருக்கேன். அத மட்டும் எங்கியும் போட்றாத."