ஹெலிகாப்டர் போல்ட்டுக்கு எந்த எண்?

1

இந்தக் கதை எனக்கு ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. படப்பையிலிருந்து ஒரகடம் போகும்போது, பக்கத்தில் இருந்த பெண் போனில் சொன்னாள்: "போல்ட்டுன்னா போல்ட்டுதான் சார். ஹெலிகாப்டர்ல மாட்டினா அதுக்கு றெக்கை மொளைச்சிடுமா?" நான் என் நிறுத்தத்தில் இறங்கவில்லை. அவளோடு இறங்கி, மீதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மஞ்சுளா. ஊர் பென்னலூர். ஹெலிகாப்டர்களைப் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றின் இறக்குமதிப் பிரிவில் வேலை. அடுத்த மாதம் அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆகப் போகிறவள்.

நான் முதலில் எழுதிய தொடக்கம்: வானத்தில் ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்து—

[வேண்டாம். இந்தக் கதையில் எதுவும் பறக்காது. பெட்டிகள் வரும், திறக்கப்படும்.]

2

விஷயத்தை விளக்கிவிடுகிறேன், எனக்கு அது பிடிக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்தில் ஓர் எண் உண்டு. எது என்று இறக்குமதி செய்பவரே எழுதித் தர வேண்டும். வரி அதைப் பொறுத்தது: ஹெலிகாப்டர் பாகத்துக்குக் குறைவு, சாதாரண எஃகு சாமானுக்கு அதிகம். ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுழலும் இறக்கைக்கு, ஹெலிகாப்டர் பாகத்துக்கான எண். சரி. அந்த இறக்கையைப் பிடித்திருக்கும் எஃகு போல்ட்டுக்கு? அதுவும் பாகம்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் போல்ட், நட்டு, ஸ்பிரிங் எல்லாம் எங்கும் பயன்படுபவை என்று சட்டம் தனியே பிரித்து வைத்திருக்கிறது. கட்டிலில் மாட்டினாலும் வானத்துக்குப் போனாலும் எஃகு போல்ட்டுக்கு எஃகு போல்ட்டின் எண்தான்.*

* ரப்பர் வாஷர் ரப்பர் சாமான்களோடு போய்ச் சேரும். இதைக் கேட்ட அன்று வீட்டுக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன்.

3

நான் அவளைப் பார்த்ததற்கு முந்தின நாள் வந்த பெட்டியில் பதினான்கு உருப்படிகள். அனுப்பியவரின் பில்லில் எல்லாமே 'ஹெலிகாப்டர் பாகம்'. மஞ்சுளா வரைபடங்களை எடுத்துக்கொண்டு, பாகங்களைப் பூட்டும் கூடத்துக்குப் போனாள். அங்கே மெக்கானிக் நரசிம்மன் இருந்தார்.

"இன்னாண்ணா இது, பேரு இவ்ளோ நீளமா கீது?"

"பேரு அப்படித்தாம்மா வெப்பான். ஸ்பேனர் போட்டு திருப்பினா போல்ட்டு."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. போன முறை எழுதியதைப் பார்த்து இந்த முறை எழுதுவது அவர்கள் பிரிவின் வழக்கம். அதே போல்ட் இரண்டு வருடத்தில் ஏழு பெட்டிகளில் வந்திருந்தது. ஏழிலும் 'பாகம்' என்றே பதிவு. முதல் பெட்டிக்கு எழுதியவள் அவள்தான். மற்ற ஆறும் அவள் கையெழுத்தில்தான்.

[இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் அழவில்லையாம். அடித்துவிட்டேன்.]

4

ஆட்டோவில் நான் கேட்டது, மேலாளர் புருஷோத்தமனிடம் அவள் பேசியதில் பாதி. மீதி அலுவலகத்தில் நடந்தது.

"சரிம்மா, போல்ட்டுதான். இன்னிலேர்ந்து கரெக்டா போடு. பழசை ஏன் நோண்டுற?"

"இன்னிக்கு மாத்தினா பழசு தானா தெரியும் சார். கஸ்டம்ஸ்ல கேக்கறதுக்கு முன்னாடி நாமளே எழுதிக் குடுத்துடலாம்."

"எழுதினா யாரு போட்டதுன்னு மேல கேப்பாங்க. அடுத்த மாசம் பொறுப்பாளர் போஸ்டுக்கு உன் பேரு போவுது, மறந்துட்டியா?"

"இல்ல சார். அதான் அதையும் எழுதிட்டேன்."

சுங்கத்துக்கு எழுதிய கடிதத்தை மேசையில் வைத்தாள். கடைசியில் மூன்று வரிகள். வகைப்படுத்தியவர்: மஞ்சுளா. தவறைக் கண்டறிந்தவர்: மஞ்சுளா. ஒப்புதல்: காலி.

"ரெண்டுலயும் நீயே நிக்கிறியேம்மா!"

"ரெண்டும் நான்தானே சார்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "சத்தமா" என்றாள். அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

5

முடிவு அ: அவர் கையெழுத்துப் போட்டார். அவளே பொறுப்பாளரும் ஆனாள். [எழுதச் சுகமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம்.]

முடிவு ஆ: அவர் கடிதத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்ட, மஞ்சுளா நேராக—

இந்த இடத்தில் நிறுத்தி, வரைவை அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அதில் அவளுக்கு நான் வைத்திருந்த பெயர் தென்றல். அவளுக்குத் தொந்தரவு வரக் கூடாதே என்று.

"யாருங்க அது தென்றல்? ஏழு பெட்டி தப்பா போட்டது அவளா? கண்டுபிடிச்சது அவளா? என் பேரைப் போடுங்க."

போட்டுவிட்டேன், எல்லா இடத்திலும். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "சார் இன்னும் படிச்சிகினு இருக்காரு" என்றாள்.

இதற்கு மேல் நான் எழுதுவதாக இல்லை. எது போல்ட், எது பாகம் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். புருஷோத்தமனின் நாற்காலியில் உட்காருங்கள். மூன்றாவது வரி காலியாக இருக்கிறது. மஞ்சுளா எதிரில் நிற்கிறாள்.