பிறந்தநாள் கேக்குக்கு நாலு தட்டு

இந்த வயதில் டச்சு படிக்கப்போவதாக ஞானேந்திரன் அறிவித்தபோது மனைவி றோசலின் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? இத்தனை காலம் மொன்றியலில் இருந்தும் பிரெஞ்சில் போன்ஜூர், மெர்சியைத் தாண்டாத மனிதர்.

“எனக்கு நாக்குதான் முதலில பென்சன் எடுத்தது,” என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஆனால் மகள் நிரஞ்சனி நெதர்லாந்திலிருந்து பேத்தி எலினோடு முதன்முறையாக வருகிறாள். பிள்ளைக்கு டச்சு மட்டும்தான் தெரியும். அவள் தன்னிடம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்காக எந்தக் கோமாளி வேடமும் போட அவர் தயார்.

அவர்கள் வந்திறங்கும் வாரத்திலேயே எலினுக்குப் பிறந்தநாள். ஆகவே பிறந்தநாள் கேக்குக்கான டச்சுச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்: வெர்யார்டாஹ்ஸ்டார்ட்.

“ரெண்டு சொல்லை ஒட்டினா முதல் சொல்லுதான் அப்பா கனக்கும். அதுக்குள்ள ‘யார்’ எண்ட இடத்தில அழுத்துங்கோ,” என்று நிரஞ்சனி வீடியோவில் சொல்லிக்கொடுத்தாள்.

கோயில் பாடற்குழுவை ஆட்டிப்படைத்தவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? வெர் - யார் - டாஹ்ஸ் - டார்ட் என்று தொடையில் தட்டித் தட்டிப் பழகினார். ‘யார்’ வரும்போதெல்லாம் தொடை சிவந்தது. மெட்ரோவில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

“பிள்ளைக்கு முன்னால உந்தத் தட்டு வேண்டாம். பயந்திடும்,” என்றாள் றோசலின்.

பிறந்தநாளன்று கேக் மேசைக்கு வந்தது. ஞானேந்திரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். தாளம் இல்லாமல் நாக்கு தள்ளாடி, அழுத்தமெல்லாம் கடைசி அசையில் போய் விழுந்தது. எலின் தாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. போகிற மானம் முழுதாகப் போகட்டும் என்று கையை அவிழ்த்து, தொடையில் நாலு தட்டுத் தட்டிச் சொன்னார்.

ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டு சின்னக் கைகள் அதே சொல்லை அசை பிரித்து, ‘யார்’ வந்த இடத்தில் பலமாகத் தட்டின.

“பள்ளிக்கூடத்தில இவைக்கு இப்பிடித்தான் தட்டிப் பழக்கிறவை,” என்றாள் நிரஞ்சனி.

எலின் அவர் மடியில் ஏறி ஏதோ கேட்டாள்.

“உங்கட பேரையும் தட்டட்டோ எண்டு கேக்கிறாள், அப்பா.”

ஞா - னேந் - தி - ரன். தன் பேரை யாராவது அரைகுறையாகச் சொன்னால் விடாத மனிதர், பேத்தி அதைக் கடித்துக் குதறும்போது தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கேக் வெட்ட வந்த றோசலின் கத்தியோடு அப்படியே நின்றாள்.

“என்னப்பா?” என்றார் ஞானேந்திரன்.

“ஒண்டுமில்லை. என்ர பேரையும் ஒருக்காத் தட்டச் சொல்லுங்கோவன்.”