ஓட்டுநர் இருக்கையில் போட்ட கையொப்பம்

மார்ச் 3, செவ்வாய்க்கிழமை. என் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அரசுப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இன்றைக்கும் வேலைநாளில், முற்பகல் பத்து மணிக்குத்தான் கூட்டப்படுகிறது. வராதவர் பெயருக்கு எதிரே ‘அக்கறையற்றவர்’ என்று இன்றைக்கும் குறிக்கப்படுகிறது. அந்தச் சொல்லை அதே பதிவேட்டில் நானும் எழுதியிருக்கிறேன். ஆகவே இதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு, எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். ஓயாத பேச்சுக்காரி, வகுப்பே அவளை ‘ரேடியோ’ என்று அழைத்தது. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்தார். தந்தை பேருந்து ஓட்டுநர். அவர் வண்டி இரவில் தடத்தின் மறுமுனையில் தங்கும்; வாரத்தில் ஞாயிறு மட்டுமே அவருக்கு வீடு. மற்ற நாள்களில் பெண் அத்தை வீட்டில் இருந்தாள்.

வகுப்பாசிரியை கணக்கு டீச்சர், ஐம்பத்து நான்கு பிள்ளைகளை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவர். மாலைதோறும் தம் சொந்த நேரத்தில் இந்தப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, உறைவிடப் பள்ளிக்கான தேர்வில் தேறவும் வைத்துவிட்டார். இனி, தந்தை ஒப்பமிட்ட விண்ணப்பம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு.

வியாழக்கிழமை அவள் கொண்டுவந்த விண்ணப்பத்தில் கையொப்பம் புழு நெளிவதுபோல் இருந்தது. பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலோ அச்சடித்தாற்போன்ற எழுத்து. பொய்க் கையொப்பம் என்று தெரிந்தால் பெண்ணின் எதிர்காலமே பாழாகுமே என்று டீச்சர் அஞ்சினார். இரண்டு தாள்களோடும் என் மேசைக்கு வந்தார்.

“ஐயா, எழுத்தைப் பாத்தே ஆளைச் சொல்லுவீங்களே. இது ரெண்டும் ஒரே ஆள் போட்டதா?”

முப்பத்து நான்கு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் என்ற மிடுக்கில், கண்ணாடியைக்கூடத் துடைக்காமல் தீர்ப்புச் சொன்னேன்.

“இல்லம்மா. இது குழந்தையோட கை.”

மாணவியை அழைத்தோம்.

“யாரும்மா இதுல கையெழுத்துப் போட்டது?” என்றார் டீச்சர்.

“அப்பாதான் டீச்சர்.”

“படிவம் குடுத்தது நேத்து. உங்கப்பா வர்றது ஞாயித்துக்கிழமை. எப்படிப் போட்டாரு, கனவுல வந்தா?”

ரேடியோ வாயைத் திறக்கவில்லை. காலால் தரையைத் தேய்த்தபடி நின்றாள்.

“நீ எங்கிட்ட பொய் சொல்றதுதான் எனக்குத் தாங்கல. நாளைக்கு அப்பா நேர்ல வரணும். இல்லன்னா இதை நான் அனுப்ப மாட்டேன்.”

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்குப் பள்ளி வாசலில் ஒரு பேருந்து நின்றது. இறங்கவேண்டியவர் யாரும் இல்லை, ஓட்டுநரே இறங்கினார்.

“என்னய்யா, வண்டியைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறாரா?” என்று வண்டிக்குள்ளிருந்து பயணி ஒருவர் கத்தினார்.

“வயசு தாண்டிடுச்சு, சேத்துக்க மாட்டாங்க. கொஞ்சம் உக்காருங்க பெரியவரே,” என்றார் நடத்துநர்.

பள்ளி வாயிற்காவலர் நீட்டிய வருகைப் பதிவேட்டில் ஓட்டுநர் ஒப்பமிட்டுவிட்டு உள்ளே வந்தார். நான் அதைப் பார்த்தேன். அச்சடித்தாற்போன்ற அதே எழுத்து. எனக்கு வெற்றி.

“பாருங்க டீச்சர், இதுதான் இவர் கையெழுத்து. விண்ணப்பத்துல இருக்கறது இவருது இல்ல.”

“ரெண்டும் என்னுதுதான் சார்,” என்றார் ஓட்டுநர்.

“எழுத்தைப் பத்தி எனக்கே பாடமா?”

“ஐயோ, இல்ல சார். இங்க மேசை ஆடல, அங்க எல்லாம் ஆடும். வந்து பாத்துடுங்க, ஒரு நிமிஷம். அதுக்கு மேல போனா நாப்பது பேரும் என்னை உரிச்சுடுவாங்க.”

போனோம். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கையில் ஏறி, சுக்கான் வளையத்தின்மேல் ஓர் அட்டையை வைத்து, டீச்சர் கொடுத்த வெற்றுத்தாளில் அவர் பெயரை எழுதினார். வளையம் நடுங்கியது, கை நடுங்கியது, அதே புழு நெளிந்து வந்தது. அதைப் பார்த்த எனக்குக் காது சுட்டது.

நடத்துநர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “எதுல கையெழுத்து வேணும்னாலும் பாப்பா இந்த ஸ்டாப்புல நின்னு ஜன்னல்ல எட்டிக் குடுக்கும். அரை நிமிஷ வேலை. ஓட்டறப்ப வெளியாள்கிட்ட எதையும் வாங்கக் கூடாதுன்னு டிப்போ உத்தரவு. தெரிஞ்சா அண்ணனுக்கு மெமோ. அதான் வாயைத் திறந்திருக்காது.”

டீச்சர் திரும்பி, வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“நீங்க பொய்யே சொல்ல மாட்டீங்க டீச்சர். யாராவது கேட்டா சொல்லிடுவீங்க.”

“நேத்து நீ கொண்டாந்ததே போதும். அதையே அனுப்பறேன்,” என்றார் டீச்சர். நான் ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்க சார். எழுத்து அப்படித்தானே இருக்கு, உங்களைச் சொல்லிக் குத்தமில்ல,” என்று அவர் வண்டியை எடுத்தார்.

விண்ணப்பம் அன்றே போயிற்று, இடமும் கிடைத்தது. ஆனால் பயணி ஒருவர் புகார் எழுதிவிட்டார். பதினொரு நிமிடத் தாமதம். இயந்திரம் ஓடும்போதே இருக்கையை விட்டு இறங்கியது இன்னொரு குற்றம். டீச்சரும் நானும் விளக்கக் கடிதத்தோடு பணிமனைக்குப் போனோம்.

“முறையா லீவு போட்டிருக்கலாமே?” என்றார் அதிகாரி.

அவர் முன்னிருந்த கோப்பிலேயே அந்த ஆண்டின் மூன்று விடுப்பு விண்ணப்பங்கள் இருந்தன. மூன்றும் பெற்றோர் கூட்டத்துக்காகக் கேட்டவை. மூன்றிலும் ‘அனுமதி இல்லை’ என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். நாங்களோ அந்த மூன்று நாள்களிலும் பதிவேட்டில் ‘அக்கறையற்றவர்’ என்று எழுதியிருந்தோம்.

ஆறு மாதம் பணிமனைக்குள்ளேயே வண்டி கழுவும் வேலை என்று தண்டனை வந்தது. அந்த ஆறு மாதமும் மாலை ஆறு மணிக்கெல்லாம் அவர் வீட்டில் இருந்தார். பெண் அதற்குள் உறைவிடப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

இதைப் படிக்கும் நீங்கள் ஆசிரியராயின், பெற்றோர் ஏன் வரவில்லை என்று இனி ஒரு பிள்ளையிடமும் கேட்காதீர்கள். அவர் வேலை செய்யும் இடத்துக்கு நீங்களே ஒருமுறை போங்கள். எந்த நேரத்தில் அவரால் வர முடியும் என்று கேளுங்கள். அந்த நேரத்தில் வகுப்பறையைத் திறந்து வைத்துக் காத்திருங்கள்.