சோளரொட்டி வரிசையில் சவாதிஸ்

1

இந்தக் கதை சந்தேகத்தில் பிறந்தது. நல்லெண்ணத்தில் பிறந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் மோஹாக் பழங்குடி ஊரில் ஓநாய்க் குலத்தின் தலைவர் இடம் காலியாகக் கிடக்கிறது. ஆற்றோர நிலத்தை ஒரு படகுத்துறைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடத் துடிக்கிறது கவுன்சில். எதிர்த்துப் பேச, குலங்கள் கூடி முடிவெடுக்கும் நீள்வீட்டில் எங்கள் பெஞ்சில் ஆள் இல்லை. குலத்தாய் ஓன்வாரி பெரியம்மா, அந்த இடத்துக்கு எங்கள் குலத்துச் சவாதிஸின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். குலத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒத்துக்கொண்டால் அவனுக்குத் தலைவருக்குரிய மான்கொம்பு சூட்டுவார்கள். ஒருத்தி மறுத்தாலும் அவ்வளவுதான்.

அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி.

2

முதல் தொடக்கம்: “கவுன்சில் தேர்தலன்று சவாதிஸ் தலை குனிந்தபடி மண்டபத்துக்குள்...”

(அடித்துவிட்டேன். ‘குனிந்தபடி’ என்று எழுதியதுமே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.)

இரண்டாவது தொடக்கம்: “சவாதிஸுக்கு அவரை விதை போட்டு அவித்த சோளரொட்டி என்றால் உயிர். அதனால்தான் அன்று...”

(இது வக்கீல் பேச்சு. இதுவும் வேண்டாம்.)

சரி, ஊர் சொல்வதையே எழுதுகிறேன். ஓட்டு நடந்த மண்டபத்தின் அடுக்களையில் ஆமைக் குலத்துப் பெண்கள் ஊர் லக்ராஸ் பந்தாட்ட அணிக்காகச் சோளரொட்டி விற்றார்கள். சவாதிஸ் உள்ளே போனான், பொட்டலத்தோடு வெளியே வந்தான். நடுவில் என்ன செய்தான் என்பதுதான் கேள்வி. நீள்வீட்டுக்காரர்கள், ஆணோ பெண்ணோ, அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடுவதில்லை. போட்டால், வெளி அரசாங்கம் நம் தலையில் கட்டிய கவுன்சிலை ஒப்புக்கொண்டதாகிவிடும். போட்டவனுக்குக் கொம்பு கிடையாது.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சவாதிஸ் பனி வாரும் வண்டி ஓட்டுகிறான். வண்டி கவுன்சிலுடையது. போன குளிர்காலத்தில் கவுன்சில் தலைவர் வாசல் பனியைத்தான் முதலில் ஒதுக்கினான். அந்த வாசல் சாலை முனையில் இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டில் எது உங்கள் கண்ணில் படுகிறது என்று பாருங்கள்.]

3

பெட்ரோல் பங்கில் அவனையே கேட்டேன்.

“அண்ணே, அன்னிக்கு உள்ள போனியா?”

“போனேன். ரொட்டிய வாசல்லயா வித்தாங்க?”

“ரொட்டிக்கு ஒண்ணு, ஓட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வரிசை இருந்துச்சே. நீ எதுல நின்ன?”

சவாதிஸ் சிரித்தான். “ரெண்டு வரிசையா? நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்க, தங்கச்சி!”

(இந்த வரியை எடுத்துவிடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். கதை எழுதுகிறவளிடம் நாலு பேர் நாலு விஷயம் சொல்வார்கள். அப்படித்தான் தெரியும். நம்புங்கள்.)

4

ஓன்வாரி பெரியம்மா வீட்டில் குலத்துப் பெண்கள் கூடினோம். சோள சூப் ஊற்றினாள். சேசில்தான் ஆரம்பித்தாள்.

“அவன் ஓட்டுப் போட்டான்னு ஊரே பேசுது, பெரியம்மா.”

“ஊரை விடுடி. இங்க இருக்கறவங்கள்ல யாரு கண்ணால பாத்தது?”

“அதெப்படிப் பாக்க முடியும்? பெட்டிகிட்ட நின்னாத்தானே...” சேசில் வாயை மூடிக்கொண்டாள்.

“அதத்தான் கேக்கறேன்,” என்றாள் பெரியம்மா. “பெட்டிகிட்ட நின்னவ எவ?”

எல்லோரும் சூப்பையே பார்த்தோம். ரொட்டி விற்றவர்களைக் கேட்கலாம்தான். ஆனால் ஓநாய்க் குலத்துப் பேச்சில் ஆமைக் குலத்தார் வாய் திறக்க மாட்டார்கள்.

பெரியம்மா ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். “சரி” என்றார்கள். சேசில்கூட, முணுமுணுப்பாக. அவர்களில் எத்தனை பேர் சவாதிஸை நம்பிச் சொன்னார்கள், எத்தனை பேர் தங்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொன்னார்கள்? எனக்கு எல்லார் மீதும் சந்தேகம்.

கடைசியில் என்னைப் பார்த்தாள்.

5

ஒரு முடிவு: ‘சரி’ என்கிறேன். நிலத்துக்காகப் பேச ஆள் கிடைத்துவிட்டான். அவன் ஓட்டுப் போட்டிருந்தால், பார்த்த கவுன்சில்காரன் எவனோ அதைச் சொல்லிச் சொல்லியே அவன் வாயை அடைப்பான்.

இன்னொரு முடிவு: ‘வேண்டாம்’ என்கிறேன். பெஞ்சு காலி. நிலம் போகிறது.

மூன்றாவது: “நான் நிமிர்ந்து, ‘பெரியம்மா, அன்னிக்கு நான்...’”

(இல்லை. இதை எழுத மாட்டேன்.)

எனக்குப் பயமாக இருக்கிறது. சவாதிஸை நினைத்து மட்டும் அல்ல.

வாருங்கள், என் நாற்காலியில் உட்காருங்கள், நான் எழுந்துகொள்கிறேன். பெரியம்மாவுக்கு ஒரு சொல் போதும். ‘சரி’ என்றால் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ‘வேண்டாம்’ என்றால் மட்டும், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள்.