பதினான்கு விநாடி

டிஜிட்டலில் பாட்டைப் பொடிப்பொடியாக நறுக்கித் திரும்ப ஒட்டுகிறார்கள், ஒட்டும்போது தாளம் நூலிழை நடுங்கும், காது உள்ளவனுக்குக் கேட்கும் என்று டேப் மெக்கானிக் பாடம் எடுக்காத ஆள் கிடையாது. அவருடைய மைத்துனனுக்கும் காது இருந்தது. இந்தப் பாடம்தான் அதில் ஏறவில்லை.

சனிக்கிழமை மெக்கானிக்கின் மனைவி தன் அலுவலக விழாவில் பாட வேண்டும். ஒன்பது வருஷமாக வீட்டு டேப்போடு சேர்ந்து பாடிப் பழகிய பாட்டு. அதன் பின்னணி இசையை அவள் தம்பி மடிக்கணினியில் கொண்டுவந்திருந்தான். அதோடு பாடிப் பார்த்தாள். சரணத்தின் உச்சியில் குரல் கிழிந்தது.

"உன் பாட்டு ஓடுற ஓட்டத்துக்கு என்னால ஓட முடியலடா."

"கம்ப்யூட்டர் கடிகாரம் பிசகாதுக்கா. பிசகுறது அத்தானோட டேப்பு."

இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டான். நாலு நிமிஷப் பாட்டை முடிக்க டேப்புக்குப் பதினான்கு விநாடி கூடுதலாகத் தேவைப்பட்டது.

"வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தான் மைத்துனன். இதை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. மெக்கானிக்குக்கு மானம் கப்பலேறியது.

உண்மையை அவர் ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். கல்யாணமான புதிதில் இதே உச்சியில் குரல் உடைந்து, "எனக்குப் பாட்டு வராது" என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வெளியே போன நேரத்தில் அவர் டேப் மோட்டாரின் வேகத் திருகைக் கொஞ்சம் குறைத்துத் திருப்பிவைத்தார். டேப் மெதுவானால் சுருதியும் கூடவே இறங்கும். அடுத்த வாரமே உச்சியைத் தொட்டுவிட்டாள். சாதகத்தின் பலன் என்று பூரித்துப்போனாள். இப்போது சொன்னால் தொழில் மானம் தப்பும். ஆனால் சனிக்கிழமை அவள் மேடையேற மாட்டாள்.

"பெல்ட் தளர்ந்துபோச்சு, நான் கவனிக்கல" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "உன் பாட்டையும் அதே அளவுக்குக் குறைச்சு வை மாப்ள. அக்காவுக்குப் பழகின வேகம்."

மைத்துனன் இரண்டே தட்டலில் வேகத்தையும் சுருதியையும் குறைத்தான். அவள் பாடினாள். உச்சி எட்டியது. வெற்றிக் களிப்போடு அவன் கிளம்பிப் போனான்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவள் அவரையே பார்த்தாள்.

"பெல்ட்டைப் போன மாசந்தானே புதுசா மாத்துனீங்க?"

அவர் டேப்பின் மூடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"அந்தத் திருகை இன்னும் அரைத் திருப்புத் திருப்ப முடியுமான்னு பாருங்க. தம்பியையும் அதே அளவுக்குக் குறைக்கச் சொல்லிக்கலாம். சனிக்கிழமை தொண்டை கட்டினாலும் கட்டும்."