கட்சிக்காரன் வீட்டுச் சடை

பினாங்கு ஸ்திரீட்டில் சலூன் வைத்திருந்த பிச்சைமுத்து, துறைமுகக் கங்காணி ஒருவரைப் பாதிச் சவரத்தில் எழுப்பி வெளியே விட்டார். அந்த மனிதர் செய்த குற்றம், "கதர்க் கட்சிக்காரனும் காசு பார்க்கத்தான்லா வர்றான்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னது. பிச்சைமுத்து எதிர்வாதம் பண்ணவில்லை. போர்த்தியிருந்த துணியை உருவி ஒரு உதறு உதறினார். "எந்திரிச்சுப் போய்யா" என்றார். ஒரு கன்னம் வழவழவென்றும் மறு கன்னம் சோப்பு நுரையுமாகத் தெருவில் இறங்கிய கங்காணி, மீதியை எதிர்ப்புறத்துச் சீனர் கடையில் வழித்துக்கொண்டார். இது முதல் தடவையும் இல்லை. கட்சியைப் பழித்தவன் தன் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது பிச்சைமுத்துவின் சட்டம். இத்தனைக்கும் தேர்தல் நடக்கப்போவது கடலுக்கு அந்தப் பக்கம், சென்னை சட்டசபைக்கு. பினாங்கில் இருக்கிற ஒருவருக்கும் அதில் ஓட்டுக் கிடையாது. ஓட்டில்லாதவனுக்குத்தான் கட்சிப் பித்து தலைக்கேறும் போலிருக்கிறது.

நேரில் அவரை யாரும் பகைத்துக்கொள்வதில்லை, முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிப்புக்குக் காரணம் அவர் வீட்டிலேயே ஓடியாடிக்கொண்டிருந்தது. மகன் ரத்தினத்துக்கு நாலு வயசு, முதல் முடி இன்னும் இறக்கவில்லை. மனைவி நல்லம்மாள் அதை இரட்டைச் சடையாகப் பின்னி ரிப்பன் கட்டி விடுவாள். "ஊருக்கெல்லாம் வழிக்கிறவன் வீட்டுல ஆம்பளப் பிள்ள சடையோட திரியுது பாரு" என்று அவர்கள் குடியிருந்த டத்தோ கிராமாட் பக்கத்துக் குழாயடியில் பெண்கள் பேசுவது அவள் காதிலும் விழும்.

முதல் மொட்டை தாய்மாமன் மடியில் உட்கார்த்தி அடிக்க வேண்டியது. நல்லம்மாளுக்கு ஒரே தம்பி வாசு, எதிர்க்கரையில் உள்ள பிறை ஊரில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். அவன் மற்றக் கட்சி. பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "கதர் கட்டினவனெல்லாம் உத்தமனா மச்சான்?" என்று வாசு கேட்டுவிட்டான். பிச்சைமுத்து அவன் முன்னால் இருந்த இலையைச் சோற்றோடு சுருட்டி வாசலில் எறிந்தார். இலை போன வழியே வாசுவும் போனான். கட்சிக்கு மேல் உறவு கிடையாது என்று பிச்சைமுத்து அன்றைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அன்றிலிருந்து நல்லம்மாள் புருஷனிடம் சோற்றுக்கும் குழம்புக்கும் வேண்டிய பேச்சைத்தான் பேசினாள். தன் தம்பி மடி இல்லாமல் தன் பிள்ளை தலையில் கத்தி படாது என்பது அவள் சட்டம். பினாங்கு முழுவதற்கும் கத்தி எடுக்கிறவருக்குச் சொந்த மகன் தலையில் கை வைக்க வழியில்லை.

சூலியா தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த சீனி முகம்மது வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால் சவரத்துக்கு வருவார். பிச்சைமுத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால் பத்திரிகையை உரக்க வாசிக்கும் வேலையும் அவருடையது. அந்த வாரம் தேர்தலுக்கு நிற்கும் அபேட்சகர்களின் பெயர்கள் வந்திருந்தன.

"உங்க ஊருக்கு ஆளு போட்டாச்சுண்ணே" என்று சீனி முகம்மது உற்சாகமாகச் சொல்லிப் பெயரை வாசித்தார்.

தோல்வாரில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"இன்னொருக்கா படிங்க பாய்."

சீனி முகம்மது மறுபடி படித்தார். ஊர்ப் பெயர் சரி, அந்த ஊர் மிராசுதாரின் பெயர் சரி, பிச்சைமுத்துவின் கட்சியும் சரி.

அந்த மிராசுதார் வீட்டுக்குப் பிச்சைமுத்துவின் அப்பா பரம்பரை நாவிதர். ஒரு தடவை காய்ச்சலில் படுத்துக்கிடந்ததால் அவரால் சவரத்துக்குப் போக முடியவில்லை. மிராசுதார் ஆளை விட்டு அவரைக் கட்டிலோடு தூக்கி வரச் செய்தார். கூப்பிட்டும் வராத கைக்கு விரல் எதற்கு என்று, களத்து மேட்டில் வைத்து வலது கட்டைவிரலை உலக்கையால் நசுக்கச் சொன்னார். அப்புறம் அப்பா கத்தி பிடிக்கவே இல்லை. அம்மா சோற்றை உருட்டி வாயில் வைக்க வேண்டியிருந்தது. பிச்சைமுத்து கப்பலேறியது அதனால்தான். கட்சியில் போய் விழுந்ததும் அதனால்தான். மிராசுதார்களின் கொட்டத்தை அடக்க வந்த கட்சி என்று மேடையில் சொன்னார்கள், அவர் நம்பினார். நம்பி, கொடி பிடிக்கிற பையன்களுக்கெல்லாம் இத்தனை வருஷமாக இனாமாகச் சவரம் செய்தார்.

சீனி முகம்மதுவின் சவரத்தை எப்படியோ முடித்துவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு கட்சிக் கிளையின் காரியதரிசி கார்த்திகேசுவிடம் ஓடினார். கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர், கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"அது பழைய கதை, பிச்சைமுத்து. அவர் இப்ப கதர் உடுத்திட்டார். அவர் இல்லாட்டி அந்தத் தொகுதி எங்களுக்கில்லை. ஆளைப் பாக்காதையும், கட்சியைப் பாரும்."

"வேட்டிய மாத்துனா எங்கப்பாவுக்கு வெரல் முளைச்சிருமாய்யா?"

"கட்சிக்காரன் இப்பிடிக் கதைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில நீர்தான் அவருக்காகப் பேச வேணும். அவற்ற ஊர்க்காரன் பேசினா எடுபடும்."

தான் நாற்காலியிலிருந்து எழுப்பி விட்ட ஒவ்வொரு முகமும் பிச்சைமுத்துவுக்கு நினைவுக்கு வந்தது, அந்தக் கங்காணியின் நுரை அப்பிய கன்னம் உட்பட. அவர்கள் பேசியதில் பொய் ஒன்றும் இல்லையே என்று இப்போது தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கூட்டத்துக்குப் போகவில்லை. தேங்காயும் வெற்றிலை பாக்கும் வாங்கி வந்தார். கத்தி, கிண்ணம் எல்லாவற்றையும் அடைப்பப் பையில் எடுத்து வைத்தார். "பிறைக்குப் போவோம், கெளம்பு" என்றார். நல்லம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியிலிருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஸ்டீமர் பாதிக் கடல் தாண்டியபோது, நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவளாகவே ஒரு பேச்சு எடுத்தாள்.

"தம்பி எளச்சிருப்பானோ?"

வாசு இளைக்கவில்லை. ரயில்வே லைன் வீட்டு வாசலில் கரி படிந்த காலோடு நின்றிருந்தான். "அக்கா, உள்ள வா" என்றான். பக்கத்தில் நின்றவரை வா என்று சொல்லவில்லை.

"வாசு, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்றார் பிச்சைமுத்து. "எங்கப்பன் வெரல நசுக்குன மிராசுதாரையே எங்காளுங்க நிறுத்திட்டானுங்க. நீ கேட்டதுதான் சரி. பிள்ளைய மடியில வச்சுக்க."

வாசு சிரித்தான்.

"உங்க கட்சி உங்க மூஞ்சியில துப்புன பொறகுதான், எங்கக்காவுக்குத் தம்பி ஒருத்தன் இருக்கறது ஞாபகம் வந்துச்சாக்கும்."

உண்மைதான். பிச்சைமுத்து விழுங்கிக்கொண்டார். "எங்க ஊர்ல உங்காளு யாரு? சொல்லு. அவருக்கே ஓட்டுப் போடச் சொல்லி ஊர்ல இருக்கற எங்கண்ணனுக்கு ஆள் மூலமா சொல்லி விடறேன்."

வாசு குனிந்து காலில் படிந்த கரியைத் தேய்த்தான். பிறகு, "மிராசுதாரோட மச்சினர்" என்றான்.

"களத்து மேட்டுல கூட நின்னு வேடிக்கை பார்த்தானே, அவனா?"

"எனக்கென்ன தெரியும்? கட்சி நிறுத்தியிருக்கு. கட்சி சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆள ஏன் பாக்குறீங்க?"

பிச்சைமுத்துவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரில் மச்சானும் மச்சினனும் ஒரே பந்தியில் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு கட்சியில் நிற்கிறார்கள். இங்கே ஒரு பந்தியில் சாப்பிட வேண்டிய நாம் இரண்டு பேர் அவர்களுக்காக இலையை எறிந்துகொண்டிருக்கிறோம். இதைத்தான் சொல்ல நினைத்தார். வாயில் வந்தது வேறு.

"வெக்கமா இல்லடா உனக்கு?"

"உங்களுக்கு இருக்கா? இன்னைக்கு உங்க கட்சிக் கூட்டத்துக்குப் போகாம இங்க வந்து நிக்கறீங்களே, நீங்கள்லாம் ஒரு கட்சிக்காரனா? இன்னொன்னும் கேட்டுக்கங்க. மொட்டையடிக்கிறது மூடப் பழக்கம்னு எங்க கூட்டத்துல தீர்மானம் போட்டாச்சு. என் மடியில அது நடக்காது."

லைன் வீடுகளில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். பிச்சைமுத்து கத்தினார், வாசுவும் விடவில்லை, இரண்டு கட்சிகளின் பெயரும் நாறின. நல்லம்மாள், "தம்பி" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். வாசு கேட்காதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் வாசலில் இருந்த தண்ணீர் வாளியை இழுத்து வைத்தாள். நல்ல சேலை மண்ணில் புரளத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ரத்தினத்தை இழுத்துத் தன் மடியில் இருத்தினாள். ரிப்பனை அவிழ்த்தாள்.

"எடுங்க கத்திய."

பிச்சைமுத்து திகைத்துப்போனார். "தாய்மாமன் இருக்கறப்ப, பெத்தவ மடியில வச்சு எப்படி நல்லம்மா..."

"தாய்மாமன் எங்க இருக்கான்? இங்க ரெண்டு கட்சிக்காரனுங்கதான் நிக்கறீங்க. எடுங்க."

பிச்சைமுத்து அவள் முன்னால் குந்தினார். வாளித் தண்ணீரை அள்ளிப் பிள்ளையின் தலையில் விட்டார். கத்தி உச்சந்தலையில் இறங்கியது. முதல் கற்றை அவள் மடியில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. வாசுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தது. ஒருவரும் சமாதானம் சொல்லவில்லை.