சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

எனக்குக் காரம் என்றால் உயிர். பால்குடி மறக்கடிக்க அம்மா மிளகாய் தடவினாளாம், நான் சப்புக்கொட்டினேனாம். புளுகாக இருக்கலாம். ஆனாலும் எனக்குப் பிடித்த புளுகு.

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஊறுகாய்க் கடை வைத்திருக்கும் ஏனோக் என் பள்ளித்தோழன். மிளகாயும் பூண்டும் வினிகரும் சேர்த்து அவனே அரைக்கும் சாஸ் அலமாரியில் வரிசையாக நிற்கும். எனக்கு மட்டும் அங்கிருந்து தரமாட்டான். குனிந்து, கல்லாவுக்கு அடியிலிருந்து, கழுத்தில் சிவப்பு நூல் கட்டிய பாட்டிலை எடுப்பான்.

"இது உனக்குன்னே தனியா போட்டதுடா இன்பராஜு. வேற எவன் நாக்கும் தாங்காது."

இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன மரியாதை வேண்டும்? காலையில் வேலைக்குப் போக கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறியதும் டிபன் பாக்ஸைத் திறந்து, இட்லி நனைய அந்த சாஸை ஊற்றுவேன். எதிர்சீட்டு முனிசாமிக்குப் பார்க்கும்போதே வியர்க்கும். நூல் கட்டிய பாட்டிலை அவனைத் தொடக்கூட விட்டதில்லை.

போன வாரம் சாஸ் தீர்ந்து கடைக்குப் போனபோது ஏனோக் இல்லை. ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தான். கல்லாவில் அவன் மகள் சோனியா இருந்தாள். அடியில் என் பாட்டில் இல்லாததால் அலமாரியிலிருந்து ஒன்றைக் கொடுத்தாள். ஊராருக்கான சாஸ் சப்பென்றுதான் இருக்கும் என்று மறுநாள் ரயிலில் இரண்டு மடங்காக ஊற்றினேன்.

முதல் வாயிலேயே காது அடைத்தது. கண்ணும் மூக்கும் ஒழுகின. முனிசாமி தண்ணீரை நீட்டினான். பிறகு என் டப்பாவிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து நிதானமாக மென்றான்.

"ஏனோக் கடை சாஸுதானே? எங்க வூட்லயும் கீது. பசங்களே தொட்டுகினு துன்னுதுங்க. உனக்கு இன்னாப்பா ஆச்சி?"

பெட்டியே சிரித்தது.

சாயங்காலம் நேரே கடைக்குப் போய் சோனியாவைப் பிடித்துக்கொண்டேன். அவள் முதலில் மழுப்பினாள், பிறகு உடைத்துவிட்டாள்.

"உங்க பாட்டில்ல தக்காளியும் பீட்ரூட்டும்தான் ஜாஸ்தி அங்கிள். ஆன்ட்டி வந்து அழுதாங்க. அதான் டாடி கொஞ்சம் கொஞ்சமா மிளகாயக் கொறச்சாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

வீட்டில் என் பெண்டாட்டி பாக்கியவதி எதையும் மறைக்கவில்லை.

"வயித்துல ரத்தம் கசிஞ்சி கோலார் ஆஸ்பத்திரில கெடந்தீங்களே, அப்ப இருந்துதான். காரமே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு, நானும் சொன்னேன். கேட்டீங்களா?"

"அதுக்கு என்னெக் கோமாளி ஆக்குவீங்களா?"

"உசுரோட கீறீங்க இல்ல?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

உயிரைக் காப்பாற்றினாள், சரி. நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்டாட்டியும் சிநேகிதனும் சேர்ந்து எனக்குப் பால்சோறு ஊட்டியிருக்கிறார்கள், நான் மீசையை முறுக்கிக்கொண்டு தின்றிருக்கிறேன். மிளகாயைக் குறைத்ததைக்கூட மன்னித்துவிடலாம். அந்த நூலைக் கட்டினான் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏனோக் கடையில் இருந்தான். அலமாரியைக் காட்டினேன். அவன் ஒரு பாட்டிலைத் திறந்து கொடுத்தான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். ஒரே ஒரு சொட்டு. நாக்கு வெந்து, இருமல் பிடித்துக்கொண்டது. என் நாக்கும் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டிருந்தது.

ஏனோக் குனிந்து, புதிதாகப் போட்ட என் பாட்டிலை எடுத்து முன்னால் வைத்தான்.

"கோச்சிக்காதடா. நீ இல்லாம நாங்க இன்னா பண்றது?"

வீசி உடைக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் நாளை காலை இட்லிக்கு எனக்கு வேறு எது இருக்கிறது?

"அந்த நூல அவுத்துட்டுக் குடு" என்றேன்.

முடிச்சு இறுகியிருந்தது. அவன் நகத்தால் நெடுநேரம் போராடினான். கத்தரிக்கோல் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.